பேராம்பிராவின் லினி சிஸ்டர்



மே 12 உலகச் செவிலியர் தினம். 1820-ல் அன்றுதான் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்தார். 'கைவிளக்கேந்திய காரிகை' என்று பள்ளியில் நாம் எல்லோரும் படித்தவர். அவரைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைத்தது நமக்குப் பக்கத்தில் வாழ்ந்த ஒருவரைப் பற்றி. வாளையாறு தாண்டி, பாலக்காடு வழியாக ஐந்தாறு மணி நேரம் போனால் கோழிக்கோடு மாவட்டத்தில் பேராம்பிரா வரும். நம் தொண்டாமுத்தூர் போலவே மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய, பாக்கும் தென்னையும் நிறைந்த ஊர்ப்பக்கம். அங்குள்ள அரசு தாலுகா மருத்துவமனையில் ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்த்தவர் லினி புதுசேரி. கணவருக்கு பஹ்ரைனில் வேலை. வீட்டில் ஐந்து வயதிலும் இரண்டு வயதிலும் இரண்டு ஆண் குழந்தைகள்.

2018 மே மாத ஆரம்பத்தில் கடும் காய்ச்சலோடு ஓர் இளைஞர் அந்த மருத்துவமனைக்கு வந்தார். என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது. மற்ற நோயாளிகளைப் போலவே அவரையும் லினி கவனித்துக்கொண்டார். அந்த இளைஞர் சில நாட்களில் இறந்தார். பிறகு அவர் குடும்பத்திலும் அடுத்தடுத்து மரணங்கள். புனே தேசிய வைராலஜி நிறுவனம் மாதிரிகளைப் பரிசோதித்து நிபா வைரஸ் என்று உறுதி செய்தபோது மே மாதம் பாதிக்கு மேல் கடந்துவிட்டது. அதற்குள் லினியும் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

நிபா முதலில் தெரியவந்தது 1998-99-ல், மலேசியாவில். அங்கே பன்றிப் பண்ணைகளில் பரவி நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பழந்தின்னி வௌவால்தான் இந்த வைரஸின் இருப்பிடம். இந்தியாவில் 2001-ல் சிலிகுரியில் வந்தபோது 66 பேருக்குத் தொற்றி 45 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் ஒட்டியது மருத்துவமனைக்குள்தான். ஊழியர்கள், துணைக்கு இருந்தவர்கள், பார்க்க வந்தவர்கள் என்று பலர். ஆக, இந்த நோயில் படுக்கை அருகே நிற்பவருக்குத்தான் ஆபத்து என்பது 2018-க்கு முன்பே தெரிந்த விஷயம்.

லினிக்கு நோய் முற்றியபோது தன்னைத் தனியாக வைக்கும்படி அவரே கேட்டுக்கொண்டார். குடும்பத்தார் கிட்டே வருவதையும் தடுத்தார். பிள்ளைகளைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவும் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபடி கணவருக்கு ஒரு சின்னத் தாளில் எழுதினார். இனிப் பார்க்க முடியும் என்று தோன்றவில்லை, பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், உங்களோடு கல்ஃபுக்கு அழைத்துப் போங்கள் என்பதுதான் அதன் சாரம். மே 21 அன்று கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் உயிர் பிரிந்தது. தொற்று பரவக் கூடாது என்பதற்காக உடலை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் மின்மயானத்திலேயே தகனம் செய்தார்கள். அரசுக் கணக்குப்படி அந்த முறை இறந்தவர்கள் 17 பேர்.

பிள்ளையை அணைத்துக்கொள்வதுதான் தாய்ப்பாசம் என்று நாம் நினைக்கிறோம். அணைத்தால் பிள்ளைக்கு ஆகாது என்று தெரிந்து தூரத்தில் நிறுத்திய தாய் இவர். அந்த முடிவை எடுக்க அவருடைய நர்ஸ் படிப்பும் உதவியது, தாய் மனசும் உதவியது.

கேரள அரசு இரு குழந்தைகளுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. கணவருக்கு அரசு வேலை கொடுத்தது. 2019-ல் தேசிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் விருதும் லினிக்கு வழங்கப்பட்டது. நல்ல காரியங்கள்தான். ஆனால் பேங்கில் கணக்கு எழுதியே காலம் கழித்த எனக்கு ஒன்று கண்ணில் படுகிறது. உயிரோடு இருந்தவரை அவருக்குக் கிடைக்காத அரசு வேலை, அவர் இறந்த பிறகுதான் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லினி இறந்த அதே நாட்களில், அதே மருத்துவமனையின் மற்ற நர்ஸுகளைப் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார விடவில்லை, ஆட்டோவில் ஏற்றவில்லை என்று செய்திகள் வந்தன. இது கேரளத்தில் மட்டும் நடப்பதல்ல. ஆப்பிரிக்காவில் லைபீரியா நாட்டில் சலோமி கார்வா என்றொரு பெண் எபோலாவிலிருந்து பிழைத்து, மற்ற நோயாளிகளுக்குச் சேவை செய்தார். 2014-ல் டைம் பத்திரிகை அட்டையில் இடம்பெற்றார். 2017-ல் பிரசவமாகிச் சில நாட்களில் வலிப்பு வந்து இறந்தார். எபோலா வந்தவர் என்ற பயத்தில் மருத்துவமனை ஊழியர்கள் அவரைத் தொடத் தயங்கினார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள்.

2020-ல் கொரோனா வந்தபோது நம் நாட்டிலும் பல ஊர்களில் டாக்டர்களையும் நர்ஸுகளையும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மாலையில் பால்கனியில் நின்று கை தட்டியதும் நாம்தான் என்பதை மறக்க வேண்டாம். அந்த ஏப்ரலில் மத்திய அரசு 1897-ம் வருடத்துக் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தியது. அதன்படி கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவப் பணியாளரின் குடியிருப்புக்கோ வேலைக்கோ இடைஞ்சல் தருவதும் வன்முறைதான். 3 மாதம் முதல் 5 வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு.

உங்கள் மாடியிலேயே ஒரு நர்ஸ் குடியிருக்கலாம். நைட் டியூட்டி முடித்துக் காலையில் நீங்கள் வாக்கிங் போகும்போது அவர் லிஃப்டில் ஏறுவார். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள உங்கள் வீட்டுக்கே ஒருவர் வந்து போகலாம். அடுத்த காய்ச்சல் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்த பிறகு பயத்தில் கேட்டைப் பூட்டுவதைவிட இப்போதே நிதானமாக முடிவு செய்வது நல்லது. எந்த நோய்க் காலத்திலும் மருத்துவப் பணியாளர் எவரையும் நம் கேட்டிலோ லிஃப்டிலோ தடுப்பதில்லை என்று ஒரு தீர்மானம் கொண்டுவரும்படி செயலாளரிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் அது விவாதத்துக்கு வரும்போது அவசியம் வாருங்கள். ஆட்சேபணை இருந்தாலும் வந்து சொல்லுங்கள், பேசுவோம்.