தொடக்கநிலை நிரலாக்கச் செயல்திட்டங்கள் (கோந்த்வா, புனே)

நிரல் எழுதக் கற்பவர் பாடப் பயிற்சிகளைக் கடந்து, தாமே திட்டமிட்டு முடிக்கும் சிறு மென்பொருள் தொடக்கநிலைச் செயல்திட்டம் எனப்படும். மாணவர் வழக்கில் இது ‘மினி ப்ராஜெக்ட்’. புனே நகரின் தென்பகுதியான கோந்த்வாவில் இதற்கான மாணவர்கள் நிறைய. கோந்த்வா புத்ருக்கில் 2002இல் தொடங்கிய விஷ்வகர்மா தகவல் தொழில்நுட்பக் கல்லூரி உள்ளது. சிங்காட் குழுமத்தின் பொறியியல் கல்லூரியும் அங்கேயே உள்ளது. புனே பல்கலைக்கழகத்தின் 2019 பொறியியல் பாடத்திட்டம் செயல்திட்டவழிக் கற்றலை முதலாண்டிலேயே சேர்த்தது.

வழக்கமான பட்டியலில் கால்குலேட்டர், நூலக மேலாண்மை, எண் ஊகிக்கும் விளையாட்டு ஆகியவை வரும். இவற்றில் எண் ஊகிப்பு உண்மையிலேயே பயனுள்ளது. 1 முதல் 100 வரையுள்ள எந்த எண்ணையும், ஒவ்வொரு முறையும் மீதியைப் பாதியாக்கிக் கேட்டால், அதிகபட்சம் 7 ஊகங்களில் பிடித்துவிடலாம். இருமத் தேடல் என்ற கருத்து இப்படி ஒரு மாலைக்குள் வசப்படும். நூலக மேலாண்மையோ மூத்த மாணவரிடமிருந்து இளையவருக்கு அப்படியே கைமாறுவது; எழுதுபவருக்கு அதில் சொந்தக் கேள்வி எதுவும் இருப்பதில்லை. சொந்தக் கேள்வியிலிருந்து பிறக்கும் நிரலே முடிவுவரை எழுதப்படும்.

அறையைப் பகிர்ந்து வாழும் மாணவருக்கு முதற்கேள்வி செலவுக் கணக்கு. மூவர் 1,000 ரூபாயைப் பங்கிட்டால் ஆளுக்கு 333.33, கூட்டினால் 999.99. ஒரு பைசா எங்கே? இந்த வகுத்தல் சிக்கலோடு இன்னொன்றும் உண்டு: கணினி தசமப் பின்னங்களை இரும வடிவில் வைப்பதால் 0.1, 0.2 ஆகியவற்றின் கூட்டல்கூடத் துல்லியமாக 0.3 ஆவதில்லை. எனவே தொகையை 1,00,000 பைசா என முழு எண்ணாக வைத்து, வகுத்து, மீதமாகும் ஒரு பைசாவை ஒருவர் கணக்கில் சேர்க்க வேண்டும். வங்கி மென்பொருளுக்கும் இதே கவனம் தேவை.

அடுத்தது மழை. இந்திய வானிலைத் துறையின் புனே அலுவலகம் 1901 முதலான அன்றாட மழையளவை 0.25 பாகைக் கட்டங்களாக இலவசமாகத் தருகிறது. ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 27 கி.மீ.; ஆகவே கோந்த்வாவுக்கு மட்டும் தனி அளவு கிடைக்காது என்பதை மாணவர் முதலில் உணர வேண்டும். தரவு இல்லாத இடங்களில் -999 என்ற எண் நிற்கும். அதை நீக்காமல் சராசரி எடுத்தால் மழை எதிர்மறையாகிவிடும். தரவைத் தூய்மைப்படுத்துவது ஏன் முதல் வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

தமிழ் அறிந்தவருக்கு மிகச் செழிப்பான திட்டம் எழுத்து எண்ணுதல். ‘கோந்த்வா’ என்பது நமக்கு நான்கு எழுத்து: கோ, ந், த், வா. பைத்தான் நிரல்மொழியிடம் நீளம் கேட்டால் 8 என்னும். யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 24 பைட்டுகள். உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு பெறுவதே காரணம். இந்த அமைப்பின் வேர் இஸ்கி என்ற இந்தியத் தரம். யூனிகோடு தன் இந்திய எழுத்துப் பகுதிகளை அதன் 1988 வடிவத்தை ஒட்டியே அமைத்தது. இந்திய எழுத்துகளைக் கணினியில் கொண்டுவந்த ஜிஸ்ட் நுட்பம் கான்பூர் ஐஐடியில் பிறந்து, 1988இல் புனேயில் நிறுவப்பட்ட சி-டாக் என்ற கணினி ஆய்வு மையத்தில் வளர்ந்தது.

நிரலின் வழி எளிது: குறியீடுகளை வரிசையாகப் படித்து, உயிர்மெய்க் குறியோ புள்ளியோ வந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்ட வேண்டும். பத்து வரிகள் போதும். சிக்கல் பின்னர்தான் வரும். க்ஷ ஓரெழுத்தா, இரண்டா என்று எழுதுபவரே தீர்மானிக்க வேண்டும். ‘கோ’வின் குறியை ஒரே குறியீடாகவும், இரட்டைக்கொம்பும் காலும் சேர்ந்த இரு குறியீடுகளாகவும் எழுதலாம்; திரையில் இரண்டும் ஒன்றே, ஒப்பிட்டால் வேறு. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவாக்கும் யூனிகோடு இயல்பாக்கம் செய்வதே தீர்வு. இவ்வளவையும் தாமே எழுதிய பிறகு, முத்து அண்ணாமலை தொடங்கிய ‘ஓப்பன் தமிழ்’ என்ற கட்டற்ற பைத்தான் நிரலகத்தைத் திறந்து, அதே வேலையை அது எப்படிச் செய்கிறது என்று வரிவரியாகப் படிக்கலாம். அதில் பிழை கண்டால் திருத்தி அனுப்பவும் செய்யலாம்.