பெயர் பார்த்து ஊசி வாங்கலாமா?

வாப்பாவின் பழைய ரெக்கோர்ட் பிளேயர் பல வருடமாக அலுமாரிக்கு மேலே கிடந்தது. போன லீவில் இறக்கித் துடைத்து, பெல்ட்டை மாற்றினேன். தட்டு சுற்றியது. ஆனால் ஊசி தேய்ந்து போயிருந்தது. புதுக் காட்ரிஜ் ஒன்று தேவை. எங்கள் ஊரில் ரேடியோ திருத்தும் நானாவிடம் இரண்டு இருந்தன. ஒன்று உலகமே அறிந்த பெயர். மற்றது நான் கேள்விப்படாத பெயர், விலை பாதிதான். "பெரிய கம்பனிட சாமானத் தாங்க நானா" என்றேன். "பேர விடுங்க சேர், ஊசியப் பாருங்க" என்றார்.

அந்தப் பேச்சுத்தான் என்னை இந்த வரலாற்றைத் தேடி வாசிக்க வைத்தது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

முதலில், தெரியாதவர்களுக்காக: காட்ரிஜ் என்பது பிளேயரின் கை நுனியில் இருக்கும் சிறு பெட்டி. அதன் வைர ஊசி இசைத்தட்டின் நுண்பள்ளத்தில் ஓடி அதிரும். உள்ளே இருக்கும் காந்தமும் கம்பிச்சுருளும் அந்த அதிர்வை மின்சாரமாக்கும். ஊசி கோணலாக இருந்தால் பாட்டு கெடுவதோடு நிற்காது, தட்டும் கெடும். திரும்ப வாங்க முடியாத தட்டு என்றால் அந்த இழப்பு நிரந்தரம்.

இன்றைக்குப் பெரிய பெயர்களாக இருப்பவை எப்படித் தொடங்கின?

அமெரிக்காவின் ஷூர் 1925இல் சிகாகோவில் வானொலி உதிரிப்பாகம் விற்கத் தொடங்கிய கம்பனி. 1958இல் ஸ்டீரியோ தட்டுகள் சந்தைக்கு வந்தபோது எம்3டி என்ற காட்ரிஜை வெளியிட்டது. 1964இல் வி15 வந்தது. டென்மார்க்கின் ஓர்டோபோன் 1918இல் தொடங்கியது, பேசும் சினிமாவுக்காக. 1959இல் அவர்களின் எஸ்பியூ வந்தது.

ஆனால் நியூயோர்க்கின் புரூக்ளினில் ஜோசப் கிராடோ 1953இல் தொடங்கியது வீட்டுச் சமையலறை மேசையில். அவர் ஒரு கடிகாரத் தொழிலாளி. 1962இல் டோக்கியோவில் ஹிதேயோ மட்சுஷிதா என்ற இளைஞர் சிறிய வாடகை இடத்தில் ஒரு கம்பனி தொடங்கினார். அதற்கு முன்னர் பிரிட்ஜ்ஸ்டோன் கலைக்கூடத்தில் வேலை செய்தவர், அங்கே பொதுமக்களுக்கு இசைத்தட்டுகளைப் போட்டுக் கேட்க வைத்தவர். நல்ல காட்ரிஜ் சாதாரண மனிதருக்கும் எட்ட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அந்தக் கம்பனிதான் ஓடியோ-டெக்னிக்கா. முதல் பொருட்கள் ஏடி-1, ஏடி-3. அன்றைக்கு ஷூருக்குப் பக்கத்தில் வைத்தால் யாருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்?

பின்னர் அவர்கள் ஷூர் போன வழியில் போகவில்லை. பள்ளத்தின் இரண்டு சுவர்களுக்கும் பொருந்த, இரண்டு காந்தங்களை 'வி' வடிவில் வைத்தார்கள். இன்று பல மலிவான பிளேயர்களில் வேறு பெயரோடு வரும் காட்ரிஜைக் கழற்றிப் பார்த்தால், அவர்களின் ஏடி-3600 வகைதான் இருக்கும். பெட்டியில் ஒரு பெயர், செய்த கை இன்னொன்று.

இன்னொரு கதை. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் என்எச்கே வானொலிக்கு ஸ்டீரியோ ஒலிபரப்புக்கு ஒரு காட்ரிஜ் தேவைப்பட்டது. நிப்போன் கொலம்பியாவோடு சேர்ந்து டெனோன் டிஎல்-103ஐ உருவாக்கினார்கள். நிலையத்துக்குத் தேவை புகழ் அல்ல. இரண்டு பக்கமும் ஒரே அளவு சத்தம், நாள் முழுக்க ஒரே மாதிரி வேலை. அந்தக் காட்ரிஜ் அறுபது வருடம் தாண்டியும் விற்பனையில் இருக்கிறது.

கடைசியாக, 2018. ஷூர் காட்ரிஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. "பெரிய கம்பனி, ஊசி எப்போதும் கிடைக்கும்" என்று நம்பியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தவர்களில் முக்கியமானது ஜிக்கோ என்ற ஜப்பானியக் கம்பனி. 1873இல் தையல் ஊசி செய்யத் தொடங்கியவர்கள். உலகத்தில் பலருக்கு இன்றும் அந்தப் பெயர் தெரியாது. ஆனால் எத்தனையோ ஷூர் காட்ரிஜ்கள் அவர்களுடைய ஊசியால்தான் இன்னும் பாடுகின்றன.

அப்படியென்றால் தெரியாத பெயர்தான் நல்லதா? அதுவும் இல்லை. அது இன்னொரு வகைக் குருட்டு நம்பிக்கை.

நம்ம பரீட்சை விடைத்தாளை யோசியுங்கள். அதில் பெயர் இல்லை, பாடசாலை இல்லை, சுட்டெண் மட்டும்தான். கொழும்புப் பிள்ளைக்கும் மூதூர்ப் பிள்ளைக்கும் ஒரே புள்ளித் திட்டம். நானாவின் கடையிலும் அப்படித்தான் செய்தோம். ஒரே பிளேயர், ஒரே தட்டு. ஒவ்வொன்றுக்கும் அதனதன் தாளில் குறித்த பாரத்தை வைத்தோம். சத்தத்தையும் சமப்படுத்தினோம். ஒன்று 3 மில்லிவோல்ட், மற்றது 5 மில்லிவோல்ட் தந்தால் சத்தம் கூடியதே நல்லது என்று காது ஏமாந்துவிடும். எது எது என்று நானா எனக்குச் சொல்லவில்லை. தட்டின் கடைசிப் பாட்டைத்தான் போட்டார். நடுவை நெருங்க நெருங்கப் பள்ளம் நெருக்கமாக வளைவதால், 'ச', 'ஸ' எழுத்துகள் சீறும் இடம் அது. ஊசியின் தரம் அங்கேதான் தெரியும்.

இரண்டாவதில் பாடகியின் குரல் ஒரு பக்கம் சாய்ந்து கேட்டது, சீறலும் இருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தோம். வைரம் பூட்டிய தண்டு கொஞ்சம் கோணல். அதுதான் தெரியாத கம்பனியுடையது. "இதே சாமான் இன்னொண்டு நேரா இருக்கும் சேர். எல்லாம் ஒரே மாதிரி வாறதுக்குத்தான் பெரிய கம்பனிக்குக் காசு குடுக்கிற" என்றார் நானா.

பெரிய பெயரைத்தான் வாங்கி வந்தேன். முதலில் கேட்டதும் அதைத்தான். ஆனால் இந்த முறை அது பரீட்சை எழுதிப் பாஸாகி வீட்டுக்கு வந்தது. மற்றதும் பெயரால் தோற்கவில்லை, கோணலால்தான் தோற்றது. நேரான ஒன்று வந்தால் சொல்லுங்கள், திரும்பக் கேட்டுப் பார்ப்போம் என்று நானாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றிரவு வாப்பாவின் தட்டுகளில் ஒன்றைப் போட்டேன். உம்மா குசினியில் இருந்து வந்து கதவோரம் நின்று கேட்டார். என்ன கம்பனி என்று கேட்கவில்லை.