வானம் வெளுத்துப் போன கதை

ஜன்னல் ஓரமாக ஒருவரை நிற்க வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். முகம் நன்றாக விழுந்தால் ஜன்னல் வெள்ளைக் காகிதமாகிவிடும். ஜன்னலைக் காப்பாற்றினால் முகம் கரி. இது டிஜிட்டல் கேமராவோடு வந்த வியாதி என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இதற்கு வயது 150க்கும் மேல்!

1851-ல் கொலோடியன் முறை வந்தது. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுக்க வேண்டும். அந்தத் தகட்டுக்கு நீல நிறம் என்றால் கொள்ளை ஆசை, மற்ற நிறங்கள் அவ்வளவாகக் கண்ணில் படாது. நிலத்துக்கும் கடலுக்கும் தேவையான நேரம் கொடுத்தால் அதற்குள் வானம் வெந்து போகும். அதனால்தான் அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றில் மேகமே இருக்காது. பெரும்பாலானோர் இதை விதி என்று விட்டுவிட்டார்கள்.

விடாதவர் பிரான்ஸைச் சேர்ந்த குஸ்தாவ் லெ கிரே. ஓவியம் படித்தவர். கடலுக்கு ஒரு நெகட்டிவ், மேகத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியாக எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார். 1857-ல் செத் என்ற ஊரில் எடுத்த 'பெரிய அலை' அப்படி உருவானதுதான். ஒரே மேகத்தை வேறு வேறு கடல்களுக்கு மேலே ஒட்டிய சாமர்த்தியமும் உண்டு :-) பாவம், மனிதர் வியாபாரத்தில் கோட்டை விட்டுவிட்டார். 1860-ல் ஸ்டூடியோவை விட்டுப் பாரிஸிலிருந்து கிளம்பியவர் 1884-ல் கெய்ரோவில் இறந்தார். அதே அலைப் படத்தின் ஒரு பிரதி 1999-ல் லண்டன் ஏலத்தில் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது.

பிறகு வந்த ஃபிலிம் இந்த விஷயத்தில் கொஞ்சம் நல்ல பிள்ளை. வெளிச்சம் அதிகமாக அதிகமாக, அதை மெதுமெதுவாக அமுக்கி வாங்கிக்கொள்ளும், சட்டென்று அறுந்து போகாது. நெகட்டிவ் ஃபிலிமில் திரும்பக் கிடைக்காதது நிழல்தான். அதனால் 'நிழலுக்கு எக்ஸ்போஷர் கொடு, வெளிச்சத்தை டெவலப் செய்யும்போது பார்த்துக்கொள்' என்பது வேதவாக்கானது. இதைக் கணக்காக வகுத்து 1940 வாக்கில் 'ஜோன் சிஸ்டம்' என்று கொடுத்தவர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும்.

வேடிக்கை என்னவென்றால், ஆடம்ஸின் மிகப் புகழ்பெற்ற படத்தில் கணக்கு தலைகீழாகத் தொடங்குகிறது. 1941 நவம்பர் 1, நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர். கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில், மேலே நிலா. காரை நிறுத்திவிட்டு ஓடி வந்து பெரிய கேமராவை நிறுத்தினால், லைட் மீட்டரைக் காணோம்! நிலாவின் ஒளி அளவு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். நிலா வெளுத்துப் போகாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் கணக்குப் போட்டு, எஃப் 32-ல் ஒரு விநாடி கொடுத்தார். அடுத்த ஃபிலிமுக்குத் தயாராவதற்குள் சிலுவைகளில் வெயில் போய்விட்டது. நிலா பிழைத்தது, ஆனால் கீழ்ப்பகுதி நெகட்டிவில் மெலிந்து போனது. 1948-ல் அந்தப் பகுதியை மட்டும் ரசாயனத்தால் அழுத்தமாக்கித்தான் அச்சிடும் கஷ்டத்தைக் குறைத்தார்.

டிஜிட்டலில் எல்லாருக்கும் இந்த நிலாக் கணக்குதான். 1969-ல் பெல் லேப்ஸில் பாயிலும் ஸ்மித்தும் உருவாக்கிய சிசிடியாகட்டும், பின்னால் வந்த சிமாஸாகட்டும், ஒவ்வொரு பிக்சலும் மழையில் வைத்த வாளி மாதிரி. நிரம்பும் வரை ஒழுங்காக அளக்கும். நிரம்பிய பிறகு விழுவதற்குக் கணக்கே கிடையாது. ஜேபெக்கில் 255 என்று பதிவாகிவிட்டால் ஃபோட்டோஷாப்பில் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் அங்கே மேகம் வராது. நிழலை மேலே தூக்கினால் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும், ஆனாலும் ஏதோ மிஞ்சும்.

அதற்காக ஒரேயடியாக இருட்டாக எடுப்பதும் நஷ்டம். 12 பிட் ரா ஃபைலில் 4096 படிகள். அதில் பாதி, 2048 படிகள், மிகப் பிரகாசமான ஒரே ஒரு ஸ்டாப்புக்குள் அடங்கியிருக்கின்றன. இதைக் காட்டித்தான் மைக்கேல் ரெய்க்மன் 2003-ல் 'ஹிஸ்டோகிராமை வலது பக்கம் தள்ளுங்கள், சுவரில் மட்டும் முட்டவிடாதீர்கள்' என்ற கருத்தை எழுதினார். சொல்வது சுலபம். கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் பெரும்பாலும் ஜேபெக்கை வைத்துப் போட்டது, ராவை வைத்து அல்ல. சிவப்புப் பூவில் சிவப்பு சேனல் மட்டும் நிரம்பி வழிந்தால், ஒற்றை வெள்ளை ஹிஸ்டோகிராம் அதைக் காட்டாமலே போகலாம்.

வாளியையே மாற்றிப் பார்த்தது ஃபியூஜி. 2003-ல் அறிவித்த சூப்பர் சிசிடி எஸ்ஆர் சென்சாரில் பெரிய பிக்சலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பிக்சல். பெரியது நிரம்பிய பிறகும் சின்னது அளந்துகொண்டிருக்கும். 2004-ன் எஸ்3 ப்ரோ கேமராவில் இப்படி 61.7 லட்சம் ஜோடிகள். வெள்ளை கவுன் போட்ட மணப்பெண்களைப் படம் எடுப்பவர்களுக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

லெ கிரேயின் ஒட்டுவேலை மொபைலில் திரும்பி வந்தது. 2010-ல் ஐஃபோன் 4-க்கு வந்த ஹெச்டிஆர், வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்த படங்களைச் சேர்த்தது. இடையில் யாராவது நடந்தால் ஆவி மாதிரி இரட்டையாகத் தெரியும். 2013-ல் நெக்ஸஸ் 5-ல் கூகுள் கொண்டுவந்த ஹெச்டிஆர் பிளஸ் வேறு வழி பிடித்தது. வேண்டுமென்றே இருட்டாக, எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்போஷரில், படபடவென்று பல படங்கள். வெளிச்சம் எதிலும் வழியாது. அவற்றைப் பொருத்திச் சேர்க்கும்போது நாய்ஸ் குறைகிறது, அப்புறம் நிழலைத் தூக்கிக்கொள்ளலாம். ஆடம்ஸ் ஏழு வருஷம் கழித்து ரசாயனத் தட்டில் செய்த வேலை, பட்டனை அழுத்திய சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது.