வினைக்கு ஏற்ற எச்சம்: ஆங்கில வினையமைப்புகள் வகுக்கப்பட்ட வரலாறு

ஆங்கிலத்தில் 'வாண்ட்' என்ற சொல்லும் 'ஹோப்' என்ற சொல்லும் வருங்காலத்தை நோக்கிய வினைகள். 'ஐ வாண்ட் டு கோ' என்று சொல்லலாம். 'ஐ ஹோப் டு கோ' என்றும் சொல்லலாம். ஆனால் 'ஐ வாண்ட் ஹிம் டு கோ' என்பது சரி. 'ஐ ஹோப் ஹிம் டு கோ' என்பது பிழை. 'சஜெஸ்ட்' என்ற வினையோ இவ்விரண்டு அமைப்புகளுக்குமே இடந்தராது. காரணம் என்னவென்று கேட்டால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரும் விழிப்பார். "அப்படிச் சொல்வது வழக்கமில்லை" என்பதே பெரும்பாலும் அவரது விடையாக இருக்கும்.

இவ்விடை தாய்மொழியாளருக்குப் போதும். அயல்மொழியாகக் கற்பவருக்குப் போதாது. அவர் அறிந்த ஒரு வாக்கியத்தைக் கொண்டு அறியாத மற்றொன்றை அமைக்கிறார். அதுவே அறிவுள்ள மாணவனின் இயல்பு. ஆனால் அந்த அறிவே அவரைப் பிழையில் தள்ளுகிறது. இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கும் முயற்சி இங்கிலாந்தில் முதிர்ந்ததன்று. ஜப்பானில் முதிர்ந்தது என்பது வியப்பிற்குரிய செய்தியாகும்.

'டு' வந்த வழி

முதற்கண் இச்சிக்கலின் வேரைக் காணுதல் வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில், தமிழின் 'செய' என்னும் எச்சத்தை ஒத்த வினைவடிவம் 'அன்' என்னும் ஈறு பெற்று வந்தது. 'டு' என்ற சொல் முன்னே வரும்போது அவ்வடிவம் வேறோர் ஈறு பெற்று, நான்காம் வேற்றுமைப் பொருளில் நின்றது. இஃது ஏறக்குறையத் தமிழின் 'செயற்கு' என்பதற்கு நிகரானது. தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகள் ஒன்பதைக் கூறுமிடத்துச் 'செய' என்பதையும் 'செயற்கு' என்பதையும் தனித்தனியே வைத்து எண்ணியது இங்கு நினைக்கத் தக்கது.

காலப்போக்கில் ஆங்கில ஈறுகள் தேய்ந்தன. 1500-ஆம் ஆண்டளவில் அவை முற்றும் மறைந்தன எனலாம். ஈறு போகவே, 'டு' என்பது தன் பழம்பொருளை இழந்து எச்சத்தைக் காட்டும் வெறும் அடையாளமாயிற்று. 'கேன்', 'மே', 'ஷால்' போன்ற துணைவினைகள் மட்டும் பழைய வழக்குப்படி 'டு' இன்றியே எச்சத்தைக் கொண்டன. 'ஸீ', 'ஹியர்', 'லெட்' ஆகியனவும் அவ்வழியே நின்றன. 'மேக்' என்னும் வினை நெடுங்காலம் இருவகையாகவும் வழங்கியது. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் அது 'டு' பெற்று வரும் இடங்கள் உண்டு. இன்றோ 'ஐ மேட் ஹிம் கோ' என்று செய்வினையில் 'டு' கெட்டும், 'ஹி வாஸ் மேட் டு கோ' என்று செயப்பாட்டுவினையில் 'டு' பெற்றும் வருகிறது. இத்தகைய வேறுபாடு பொருளால் எழுந்ததன்று. வரலாறு விட்டுச்சென்ற தடமாகும். ஆகவே பொதுவிதி ஒன்று தேடிப் பயனில்லை. ஒவ்வொரு வினையும் எவ்வமைப்பைக் கொள்ளும் என்று எழுதிவைத்தலே வழி.

டோக்கியோவில் நடந்த பணி

அவ்வாறு எழுதிவைக்கும் பணிக்கு அடிகோலியவர் ஹாரல்ட் பாமர். இலண்டனில் 1877-இல் பிறந்த இவர், பெல்ஜியத்தில் மொழி கற்பித்துப் பழகியவர். முதல் உலகப்போரின்போது நாடு திரும்பி, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பணியாற்றினார். 1922-இல் ஜப்பானியக் கல்வி அமைச்சின் மொழி ஆலோசகராகச் சென்றார். மறு ஆண்டில் டோக்கியோவில் ஆங்கிலக் கல்வி ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. வாக்கிய அமைப்புகளைத் தொகுத்து 1934-இல் அக்கழகத்தின் வாயிலாக வெளியிட்டார். 1936-இல் ஜப்பானை விட்டு நீங்கிய பின்னர், ஏறத்தாழ ஆயிரம் சொற்களின் இலக்கணத்தைத் தனித்தனியே விளக்கும் நூலொன்றை 1938-இல் வெளியிட்டார்.

பாமர் விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர்ந்தவர் ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி. 1898-இல் இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் பிறந்த இவர், 1924-இல் ஜப்பானின் ஒயிட்டா நகருக்கு ஆசிரியராக வந்தவர். ஆங்கில இலக்கியம் கற்பிக்க வந்தவர், மாணவர்களுக்கு முதலில் வேண்டியது மொழியே என்று கண்டார். கேட்டன்பி, வேக்ஃபீல்ட் என்னும் இருவரைத் துணையாகக் கொண்டு, அயல்மொழியாகக் கற்பவர்க்கென்றே ஓர் அகராதியைத் தொகுத்தார். வினைகளின் அமைப்புகளை 25 ஆக வகுத்து எண்ணிட்டு, ஒவ்வொரு வினையின் அருகிலும் உரிய எண்ணைக் குறித்தார். 'டு' பெற்ற எச்சத்தை நேரே கொள்ளும் வினைகள் இரண்டாம் வகை. இடையில் ஒரு பெயரை ஏற்று அவ்வெச்சத்தைக் கொள்வன மூன்றாம் வகை. பெயரை ஏற்று, 'டு' இல்லாத எச்சத்தைக் கொள்வன ஐந்தாம் வகை. பெயரையும் அதன்பின் பெயரடையையும் கொள்வன ஏழாம் வகை.

இவ்வகராதி டோக்கியோவின் கைத்தாகுஷா பதிப்பகத்தால் வெளியிடப்பட்ட ஆண்டு 1942. அவ்வாண்டு பிப்ரவரியிலேதான் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. பிரிட்டனும் ஜப்பானும் போர்க்களத்தில் நின்ற வேளையில், பகைநாட்டு மொழிக்கு ஓர் அகராதி ஜப்பானியத் தலைநகரில் அச்சேறியது! ஹார்ன்பி அவ்வாண்டிலேயே ஜப்பானை விட்டு அகன்றார். போர் முடிந்தபின் 1948-இல் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக அச்சகம் அந்நூலை வெளியிட்டு உலகெங்கும் பரப்பியது. அமைப்புகளை விரிவாக விளக்கும் வழிகாட்டி நூலொன்றை 1954-இல் ஹார்ன்பி எழுதினார். 1975-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் பெயர், பெயரடை ஆகியவற்றின் அமைப்புகளும் வகுத்துக் காட்டப்பட்டுள்ளன.

பெயரடை செய்யும் மயக்கம்

பெயரடையோடு எச்சம் சேரும்போது எழும் மயக்கம் இன்னும் நுட்பமானது. 'ஜான் இஸ் ஈகர் டு ப்ளீஸ்', 'ஜான் இஸ் ஈஸி டு ப்ளீஸ்' என்னும் இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. 1960-களில் அமெரிக்க மொழியியலறிஞர் நோம் சோம்சுகி இவ்விரண்டையும் எடுத்துக்காட்டிப் புகழ்பெறச் செய்தார். முதலாவதில் ஜான் பிறரை மகிழ்விக்க ஆவலாக இருக்கிறான். இரண்டாவதிலோ ஜானை மகிழ்விப்பது எளிது. ஒன்றில் அவன் எழுவாய். மற்றதில் உண்மையில் செயப்படுபொருள். ஆங்கிலம் மறைத்ததைத் தமிழின் 'ஐ' உருபு வெளிப்படுத்திவிடுகிறது.

பெயரடை நிற்கும் இடமும் பொருளை மாற்றும். 'பெயிண்ட் தி க்ரீன் டோர்' என்றால் பச்சைக் கதவுக்கு வண்ணம் பூசுக என்பது பொருள். 'பெயிண்ட் தி டோர் க்ரீன்' என்றால் கதவுக்குப் பச்சை வண்ணம் பூசுக என்பது பொருள். சொற்கள் அவையே, வரிசையே வேறு. உருபினால் உணர்த்துவது தமிழின் இயல்பு. இடத்தினால் உணர்த்துவது ஆங்கிலத்தின் இயல்பு.

எண்கள் மறைந்தன, பயன் நின்றது

ஹார்ன்பியின் எண்களுக்கும் குறை இருந்தது. ஒவ்வோர் எண்ணின் பொருளையும் அறிய முன்பக்கங்களைப் புரட்டவேண்டும்; பயில்வோர் பலர் புரட்டுவதில்லை. எனவே 1989-இல் வந்த நான்காம் பதிப்பில் எண்களுக்குப் பதில் எழுத்துக் குறியீடுகள் இடம்பெற்றன. அடுத்த பதிப்புகளில் அவையும் எளிமையாயின. குறியீடு மாறினும் கொள்கை மாறவில்லை. சொல்லின் பொருளை மட்டும் கூறும் அகராதி பாதி அகராதியே. அச்சொல் எதனோடு சேரும் என்று கூறும்போதுதான் அது முழுமை பெறுகிறது.

இக்கொள்கை தமிழாசிரியர்க்கும் உரியது. 'அவனிடம் சொன்னேன்', 'அவனுக்குச் சொன்னேன்', 'அவனைச் சொன்னேன்' ஆகிய மூன்றும் மூன்று பொருளுடையன. வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இவ்வேறுபாடு இயல்பாக வரும். சிங்கப்பூரில் தமிழை இரண்டாம் மொழியாகப் பயிலும் பிள்ளைகளுள், வீட்டில் ஆங்கிலமே பேசுவோர்க்கு அது வருவதில்லை. 1992-இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தந்து இத்துறையில் நல்வழி காட்டியது. அவ்வழியே ஒவ்வொரு தமிழ் வினையும் எவ்வேற்றுமையை ஏற்கும், எவ்வெச்சத்தைக் கொள்ளும் என்று மாணவர்க்கு எளிதாக வகுத்துத் தருதல் வேண்டும். "அப்படிச் சொல்வது வழக்கமில்லை" என்ற விடை ஆங்கிலம் கற்ற ஜப்பானிய மாணவனுக்குப் போதவில்லை. தமிழ் கற்கும் பிள்ளைக்கும் அது போதாது.