முதலை விழுங்கிய பிள்ளையும், வராத ரெண்டாவது பிள்ளையும்

ஆபீஸில் ஆணி ஜாஸ்தி, ஒரு மாசமா இந்தப் பக்கமே வரமுடியலை. இன்னைக்கு கொஞ்சம் சீரியஸ் பதிவு, பொறுத்துக்குங்க மக்களே.

எங்க ஊர் அவிநாசி. சுந்தரர் காலத்தில் திருப்புக்கொளியூர். பெரியபுராணத்தில் வர்ற கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவர் வந்தப்போ ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மேளம், எதிர் வீட்டில் அழுகை. சேர்ந்து குளிக்கப்போன ரெண்டு பசங்களில் ஒருத்தனை முன்னாடியே முதலை விழுங்கிடுச்சு. சுந்தரர் பதிகம் பாட, முதலை பிள்ளையைத் திருப்பித் தந்துச்சாம். எனக்கு மனசில் நிக்கறது அந்த எதிர் வீடுதான். அடுத்த வீட்டு மேளத்தைக் கேட்டுட்டு உட்கார்ந்திருந்த அம்மா.

எங்க பெரியம்மா பொண்ணும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாங்க. முதல் பொண்ணுக்கு ஆறு வயசு. ரெண்டாவதுக்கு நாலு வருஷமா முயற்சி. "ஒண்ணு இருக்குதில்ல கண்ணு, தானா வரும்"னு அமுச்சி சொல்லிட்டே இருந்தாங்க. அக்காவும் நம்பினாங்க. இதுக்கெல்லாம் டாக்டரைப் பார்க்கணுமான்னு கூச்சம் வேற.

இந்த "தானா வரும்" எவ்வளவு சரின்னு பழசைப் புரட்டிப் பார்த்தேன்.

முதல்ல நம்ம பக்கம். குழந்தை இல்லைன்னா பொண்டாட்டிதான் காரணம், இன்னொருத்தியைக் கட்டிக்கோ. இதுதான் அப்போ ஊர் வைத்தியம். மதராஸ் மாகாணத்தில் இந்துக்களுக்கு இருதார மணத்தைத் தடுக்கற சட்டம் வந்ததே 1949ல்தான். இத்தனைக்கும் ஹாலந்துக்காரர் லீவன்ஹூக் 1677லேயே விந்தணுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துட்டார்!

1920ல் அமெரிக்க டாக்டர் ரூபின், கருக்குழாயில் அடைப்பு இருக்கான்னு காத்தைச் செலுத்திப் பார்க்கற முறையைச் சொன்னார். 1948ல் ஆஷர்மன், கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செஞ்ச பிறகு உள்ளே தழும்பு ஒட்டிக்கறதைப் பத்தி எழுதினார். அதாவது முதல் பிரசவம், அபார்ஷன், ஆபரேஷன், கிருமித்தொற்று இதுகளே அடுத்த குழந்தைக்குத் தடையா நிக்கலாம்.

அப்புறம் டெஸ்ட் டியூப் காலம். 1978 ஜூலையில் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன். அதே அக்டோபரில் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் ஒரு குழந்தை. அவரை அரசு கமிட்டி நம்பலை. 1981ல் தற்கொலை பண்ணிக்கிட்டார், பாவம். 1990ல் டாக்டர் கமலா செல்வராஜ் மூலமா சென்னைக்கும் வந்தாச்சு.

இதில் கவனிக்க வேண்டியது லூயிஸோட தங்கச்சி. 1982ல் பிறந்த அந்தக் குழந்தையும் அதே சிகிச்சையில்தான். அம்மாவுக்குக் கருக்குழாய் அடைப்பு. ஒரு பிள்ளை பிறந்துட்டதால அடைப்பு திறந்துடலை. அவங்க "தானா வரும்"னு உட்கார்ந்திருந்தா தங்கச்சி வந்திருக்குமா?

சரி, எப்போ டாக்டர்கிட்ட போகணும்? தடுப்பு எதுவும் இல்லாம 12 மாசம் முயற்சி பண்ணியும் தங்கலைன்னா. 100 ஜோடியில் சுமார் 85 பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள தங்கிடுது, அந்தக் கணக்குதான். மனைவிக்கு 35 தாண்டியிருந்தா 6 மாசம் போதும். 40 தாண்டினா உடனே. மாதவிலக்கு தாறுமாறா வந்தாலோ, ரெண்டு தடவை கலைஞ்சிருந்தாலோ, கருக்குழாயில் கரு தங்கியிருந்தாலோ, வயித்தில் ஆபரேஷன், கிருமித்தொற்று ஏதாச்சும் ஆகியிருந்தாலோ காத்திருக்க வேண்டாம். முதல் குழந்தை இருக்கறது இந்தக் கணக்கில் எதையும் மாத்தாது.

முக்கியமா, ரெண்டு பேரும் போகணும். எங்க அக்காவுக்கு தைராய்டு, மாமாவுக்கு விந்தணு எண்ணிக்கை குறைவு. "எனக்கு எதுக்குடா டெஸ்ட்டு, ஒண்ணு பெத்தவன்தானே நானு"ன்னு சொன்ன மாமாதான். முதல் குழந்தை பிறந்தது ஏழு வருஷத்துக்கு முந்தின ரிசல்ட்டுங்க. உடம்பு அப்புறம் மாறலாம் இல்லையா?

அக்காவுக்கு இப்போ 37. சிகிச்சை போயிட்டிருக்கு, முடிவு இன்னும் தெரியாது. "33லயே வந்திருக்கலாமே"ன்னு டாக்டர் சாதாரணமாத்தான் கேட்டிருக்கார். வீட்டுக்கு வந்து அக்கா அழுதது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

கோயமுத்தூரில் ஆஸ்பத்திரிகள் வரிசையா நிக்கற ரோட்டுக்குப் பேரே அவிநாசி ரோடு. ஒரு பஸ் தூரம். அதைத் தாண்ட எங்க வீட்டுக்கு நாலு வருஷம் ஆச்சு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். உங்க உடம்புக்கு உங்க டாக்டர் சொல்றதுதான் சரி :-)