தாத்தாவின் பெயரில் ஒரு கிரேக்கச் சொல்

கல்லறைத் திருநாளன்று கொங்கு நாட்டின் பழைய பங்கு ஒன்றின் கல்லறைத் தோட்டத்திற்குள் சென்று பாருங்கள். இராயப்பன், சின்னப்பன், முடியப்பன், ஆசீர்வாதம், சாமிநாதன் என்னும் பெயர்களைக் கற்களில் காண்பீர்கள். அங்கே மெழுகுதிரி ஏற்றும் பேரப்பிள்ளைகளோ பீட்டர், பவுல், ஸ்டீபன், பெனடிக்ட், டோமினிக். முடியப்பனின் பேரன் ஸ்டீபன், தானும் தாத்தாவும் ஒரே பெயரைத் தாங்கியிருப்பதை அறியான். அவனுக்கு அதை யார் சொல்லித் தந்தோம்?

நம் முன்னோர் புனிதர்களின் பெயர்களைத் தமிழாக்கியபோது, பல பெயர்களில் ஒலியை விட்டு வேரைப் பற்றிக்கொண்டனர். 'பெத்ரோஸ்' என்னும் கிரேக்கச் சொல் பாறையைக் குறிக்கும். தெலுங்கில் கல்லுக்கு 'ராயி' என்று பெயர். இராயப்பர் என்பதில் அச்சொல்லையே காண்பர். 'பவுலுஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சிறியவர் என்பது பொருள். அவர் சின்னப்பர் ஆனார். 'ஸ்தெபானோஸ்' என்றால் மணிமுடி. முதல் மறைசாட்சி முடியப்பர் ஆனார். 'பெனெதிக்துஸ்' ஆசி பெற்றவர், ஆகவே ஆசீர்வாதப்பர். 'தொமினுஸ்' ஆண்டவர், அவருக்குரிய டோமினிக், சாமிநாதர்.

எபிரேயப் பெயர்களுக்கும் இவ்வழியே. 1726இல் தேம்பாவணியைப் படைத்த வீரமாமுனிவர், பெருகுதலைக் குறிக்கும் யோசேப்பு என்னும் பெயரை 'வளன்' என்றும், இறையருளைக் குறிக்கும் யோவானைக் 'கருணையன்' என்றும் அமைத்தார். 1732இல் சதுரகராதியைத் தந்தவரும், தமிழுக்கு இலத்தீனில் இலக்கணம் எழுதியவரும் அவரே. இரு மொழிகளின் வேர்களையும் அறிந்தவரால்தான் இது கூடும்.

1623இல் தத்துவபோதகர் இராபர்ட் தெ நொபிலி சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் வந்த காலந்தொட்டு, 1886இல் கோவை மறைமாவட்டமான பின்னரும், நம் பீடங்களில் ஒலித்தது இலத்தீன். 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு தாய்மொழிக்கு வழி திறந்தது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, பிற சபையாரோடு ஒன்றித்து வாசிக்கும் பொருட்டுப் பேதுரு, பவுல், ஸ்தேவான், யோவான் என்னும் வடிவங்களை ஏற்றது. அந்த ஒற்றுமை பெரும் பேறு, ஐயமில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பொருள் புரியாத இலத்தீனில் பூசை கண்ட தலைமுறை, பொருள் புரிந்த பெயர்களைத் தாங்கியது. தமிழில் திருப்பலி காணும் நாமோ பொருள் அறியாப் பெயர்களைத் தாங்குகிறோம்.

இழந்ததை மீட்க வழி உண்டு. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வியில் வாரம் ஒரு வேர்ச்சொல் கற்பிக்கலாம். கரும்பலகையில் 'பெத்ரா' என்று எழுதி, அதனோடு எண்ணெயைக் குறிக்கும் 'ஓலெயும்' என்பதைச் சேர்த்துக் காட்டுங்கள். அப்பாவின் வண்டிக்கு ஊற்றும் பெட்ரோல், பாறையிலிருந்து வந்த எண்ணெய் என்று பிள்ளைகளே கண்டுகொள்வார்கள். பெனெதிக்துஸ் என்பதில் 'பெனே' நன்மையையும் 'திக்' சொல்லுதலையும் குறிக்கும். பள்ளியில் எழுதும் டிக்டேஷனும், புரட்டும் டிக்ஷனரியும் அந்தத் 'திக்' என்னும் வேரில் முளைத்தவையே. கிரேக்கத்தில் 'எவு' என்பது தமிழில் 'நல்'. 'எவாங்கெலியோன்' நற்செய்தி, 'எவுக்கரிஸ்தியா' நற்கருணை. ஒரு வேரைக் கற்ற பிள்ளை, பள்ளிப் பாடத்திலும் திருப்பலியிலும் அதே வேரைச் சந்திக்கும்.

இதற்குக் கிரேக்கப் புலமை தேவையில்லை. ஒரு சுண்ணக்கட்டியும், வீட்டில் தாத்தா பாட்டியின் பெயரைக் கேட்டு எழுதி வரச் சொல்லும் ஆசிரியரும் போதும்.

திருமுழுக்குக்குக் குழந்தையைக் கொண்டுவரும் பெற்றோரிடம், பெயரைப் பதிவேட்டில் எழுதுமுன் நான் கேட்பது ஒன்றே: "இப்பெயரின் பொருள் தெரியுமா?" பலர் மௌனமாகிவிடுகின்றனர். அந்த மௌனம் அடுத்த தலைமுறைக்கும் தொடர வேண்டாம். வருகிற கல்லறைத் திருநாளில், ஸ்டீபன் என்னும் சிறுவன் முடியப்பன் என்று பொறித்த கல்லின்முன் நின்று, "இது என் பெயர்" என்று சொல்லட்டும்.