வேதமும் விவிலியமும்: தமிழ்த் திருமறை வாசிப்பில் ஆவியின் வழிகாட்டலும் வரலாற்றாய்வும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் தமிழில் வழிபாடு நடைபெறும் கிறித்துவ ஆலயங்கள் சில உள்ளன. 1924ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட சீயோன் லுத்தரன் ஆலயம், தமிழ் மெதடிஸ்து ஆலயம், கத்தோலிக்கரின் பாத்திமா அன்னை ஆலயம் ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. முதல் இரண்டு ஆலயங்களிலும் வாசிக்கப்படும் நூலுக்கு வேதாகமம் என்று பெயர். மூன்றாவது ஆலயத்தில் அதே நூல் திருவிவிலியம் எனப்படுகிறது. ஒன்றில் இறைவன் தேவன், மற்றொன்றில் கடவுள். யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் ஒன்று வார்த்தை என்று கூறுவதை மற்றொன்று வாக்கு என்கிறது. கிள்ளானில் 1928ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட லூர்து அன்னை ஆலயத்திற்கும் அந்நகரின் சீர்திருத்தச் சபைகளுக்கும் இடையிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம்.

இதனை வெறும் மொழிநடை வேறுபாடாகக் கொள்வது வழக்கம். ஆயினும் பெயரளவிலேயே இதில் ஒரு கொள்கை அடங்கியுள்ளது. விவிலியம் என்பது நூல்கள் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. நூல் என்றால் அதனை எழுதியவர் உண்டு. எழுதிய காலமும் இடமும் உண்டு. படியெடுத்தோர் செய்த பிழையும் உண்டு. வேதாகமம் என்னும் சொல்லோ தமிழரின் சமய மரபிலிருந்து எடுக்கப்பட்டது. மீமாம்சகர் கருத்துப்படி வேதம் எவராலும் இயற்றப்படாதது. சைவ சித்தாந்தத்தின்படி வேதமும் ஆகமமும் இறைவன் அருளியவை. இத்தகைய பெயரைத் தாங்கிய நூலைத் திருத்துவது என்னும் பேச்சே தமிழ்ச் செவிக்கு முரணாக ஒலிக்கும். திருமறையைப் புரிந்துகொள்ளத் தூய ஆவியின் வழிகாட்டல் போதும் என்போருக்கும் வரலாற்று, மொழியியல் ஆய்வு இன்றியமையாதது என்போருக்கும் இடையே மேலைநாடுகளில் நிகழ்ந்த விவாதம், தமிழில் பெரும்பாலும் மொழிபெயர்ப்புச் சொற்களின் மேல் நிகழ்ந்தது. அதன் காரணங்களுள் இப்பெயரும் ஒன்று என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ஹாலே நகரின் இரு மரபுகள்

தமிழில் புதிய ஏற்பாட்டை முதன்முதலில் அச்சேற்றியவர் சீகன்பால்கு ஆவார். 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடி வந்த அவர் 1711இல் மொழிபெயர்ப்பை நிறைவு செய்தார். அது 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சாகி வெளிவந்தது. அவர் பயின்ற ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே என்னும் பேராசிரியர் 1693ஆம் ஆண்டிலேயே திருமறையைப் படிக்கும் முறை பற்றிக் கையேடு ஒன்றை வெளியிட்டிருந்தார். எழுத்தைப் படித்தல், ஆவியைப் படித்தல் என வாசிப்பை இரண்டாகப் பகுத்த அவர், இலக்கணமும் வரலாறும் முன்னதைச் சார்ந்தவை என்றார். அவை தோடு, உள்ளே இருப்பது பருப்பு. பருப்பை அடைய விரும்புபவர் தோட்டை உடைத்தாக வேண்டும். எனவே எபிரேயமும் கிரேக்கமும் கல்லாமல் செபத்தை மட்டும் நம்புவது அவர் மாணவர்களுக்கு விதிக்கப்பட்ட வழியன்று.

இம்மரபில் வந்தவர்களுள் தலைசிறந்த மொழிபெயர்ப்பாளர் பப்ரிசியஸ். 1740இல் தரங்கம்பாடி வந்து, பின்னர்ச் சென்னையில் பணியாற்றிய அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. பழைய ஏற்பாடு அதன்பின் பகுதி பகுதியாக அச்சேறியது. 1779இல் தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றையும் அவர் வெளியிட்டார். பப்ரிசியஸ் மூலநூலினூடே முழந்தாளிட்டு ஊர்ந்து, இரந்துண்பவனைப் போல ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தார் என்பது லுத்தரன் மரபில் வழங்கும் செய்தி. இச்செய்தியின் முதற்பாதியைப் பிற்காலத்தவர் பெரிதும் நினைவிற் கொண்டனர். சொற்களை நிறுத்துப் பார்த்தார் என்னும் பிற்பாதி அத்தனை கவனம் பெறவில்லை. அகராதி தொகுத்தவர் செய்யும் வேலை அது.

அதே ஹாலேயில் அதே காலத்தில் வேறொரு போக்கும் தோன்றியது. அங்குப் பேராசிரியராக விளங்கிய செம்லர், 1771ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஆய்வு நூலில், திருமறைத் தொகுதியில் எந்நூல் இடம்பெற்றது, ஏன் இடம்பெற்றது என்பது வரலாற்றுக் கேள்வி என்றும், அதனைத் தடையின்றி ஆராயலாம் என்றும் வாதிட்டார். திருமறையும் இறைவாக்கும் முற்றிலும் ஒன்றல்ல என்பது அவர் நிலைப்பாடு. செம்லரும் பப்ரிசியசும் 1791ஆம் ஆண்டில் மறைந்தனர். ஒரே பல்கலைக்கழகத்தின் இரு கிளைகளுள் ஒன்று மட்டுமே தமிழகத்தை வந்தடைந்திருந்தது.

தஞ்சையில் எழுந்த எதிர்ப்பு

பப்ரிசியசின் மொழிபெயர்ப்பு மக்கள் மனத்தில் நிலைபெற ஒரு தலைமுறை போதுமானதாக இருந்தது. 1814இல் இந்தியா வந்த இரேனியஸ், அதனைத் திருத்தும் பணியை மேற்கொண்டபோது இது வெளிப்பட்டது. மூலத்தின் சொல்லுக்குச் சொல் வைப்பதைவிட அதன் பொருளைத் தமிழ் மரபு வழுவாமல் தருவதே மொழிபெயர்ப்பு என்பது அவர் கொள்கை. திருமறை மொழிபெயர்ப்பு நெறிகள் குறித்து 1827இல் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். அவருடைய புதிய ஏற்பாடு 1833இல் வெளிவந்தது.

இதனை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774இல் பிறந்து, சுவார்ட்சு ஐயரிடம் வளர்ந்து, சரபோசி மன்னரின் அவையில் மதிப்புப் பெற்று, பெத்லகேம் குறவஞ்சி பாடிய அப்புலவர், புதிய மிஷனரிமார் பழைய கிறித்துவர்களுக்கு இழைத்த நான்கு கொடுமைகளுள் ஒன்றாக வேதத்தைத் திருத்தியதைக் குறிப்பிட்டார். பப்ரிசியசின் நூல் அவருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரின் முயற்சி மட்டுமன்று. அருளால் கிடைத்த வேதம்.

இவ்வெதிர்ப்பை அறியாமை என்று ஒதுக்க இயலாது. சாஸ்திரியார் இரேனியசைவிடத் தமிழ் அறிந்தவர். வழிபாட்டில் நாள்தோறும் ஓதப்பட்டுச் சாவிலும் வாழ்விலும் துணைநின்ற சொற்களை ஒரு குழு கூடி மாற்றலாமா என்னும் அவருடைய கேள்விக்கு அகராதியில் விடை இல்லை. அதே வேளையில், அவர் பட்டியலிட்ட கொடுமைகளுள் சாதி வேறுபாடின்றி அனைவரையும் ஒன்றாகக் கலந்ததும் ஒன்று என்பதை மறைக்கலாகாது. பழைய சொல்லைக் காப்பதும் பழைய சமூக வரிசையைக் காப்பதும் அம்மனுவில் அருகருகே நிற்கின்றன. அருளின் பெயரால் எழும் குரலில் வேறு என்னென்ன கலந்துள்ளன என்று வினவுவதற்கு வரலாற்றாய்வே தேவைப்படுகிறது.

யாழ்ப்பாணத்திலும் இத்தகைய ஒரு முயற்சி நிகழ்ந்தது. மெதடிஸ்து மிஷனரி பேர்சிவல், சைவரான ஆறுமுக நாவலரின் துணையுடன் உருவாக்கிய மொழிபெயர்ப்பு 1850இல் அச்சாயிற்று. திருமறையை மொழிபெயர்க்க ஆவியின் வழிகாட்டலே முதன்மையானது எனில், கிறித்துவத்தை ஏற்காத நாவலருக்கு அப்பணியில் இடமில்லை. பேர்சிவலோ மொழித்திறனையே வேண்டினார். அப்பதிப்பைத் தமிழகத்துச் சபைகள் ஏற்கவில்லை. அதற்குக் கூறப்பட்ட முதன்மைக் காரணம் அதன் நடை.

1871: காலத்தால் முந்திய முடிவு

இச்சிக்கல்களுக்குத் தீர்வாக அமைந்தது ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு. மலேசியச் சீர்திருத்தச் சபைகளில் இன்று கேட்கப்படும் தமிழ் பெரும்பாலும் இதுவே. பப்ரிசியஸ் ஆண்ட பராபரன் என்னும் சொல் நீங்கித் தேவன் என்பது நிலைத்தது இதனால்தான். லைப்சிக் மிஷன் வழிவந்த லுத்தரன்கள் மட்டும் பப்ரிசியசின் நூலையே நெடுங்காலம் போற்றி வந்தனர். தமிழாசிரியர்களுக்குப் பவரின் மற்றொரு பணியும் நினைவிருக்கலாம். முத்தையா பிள்ளையுடன் இணைந்து 1868இல் சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை உரையுடன் பதிப்பித்தவர் அவரே.

1871 என்னும் ஆண்டு நோக்கத்தக்கது. சினாய் மலை மடத்தில் கிடைத்த நான்காம் நூற்றாண்டுக் கிரேக்கப் படி அப்போதுதான் அறிஞருலகில் பரவிக்கொண்டிருந்தது. பழம்படிகளை ஒப்புநோக்கி வெஸ்ட்காட், ஹோர்ட் இருவரும் கிரேக்க மூலத்தைப் பதிப்பித்தது 1881இல். ஆங்கிலத் திருந்திய புதிய ஏற்பாடு வெளிவந்ததும் அவ்வாண்டில்தான். தமிழ் மொழிபெயர்ப்போ பத்தாண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. ஆகவே யோவானின் முதல் கடிதம் ஐந்தாம் அதிகாரத்தில் விண்ணுலகின் மூன்று சாட்சிகளைப் பற்றிய தொடர் அதில் இடம்பெற்றுள்ளது. பழைய கிரேக்கப் படிகளில் இல்லாத, இலத்தீன் வழியாக நுழைந்த தொடர் அது என்பது இன்று அறிஞர்களிடையே ஐயத்திற்கு இடமில்லாத செய்தி. திருவிவிலியத்தின் பாடத்தில் அது இல்லை.

பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல்வராக விளங்கிய லார்சன், அவருக்குப்பின் மொனகன் ஆகியோர் இருபதாம் நூற்றாண்டில் மேற்கொண்ட திருத்தப் பதிப்புகள் புதிய ஆய்வுகளைக் கணக்கிற் கொண்டவை. சபைகள் அவற்றை ஏற்கவில்லை. யாழ்ப்பாணப் பேராயர் சபாபதி குலேந்திரன் 1967இல் வெளியிட்ட கிறித்தவத் தமிழ் வேதாகம வரலாற்றில் இத்தொடர்ச்சியைக் காணலாம்.

பெந்தெகொஸ்தே சபைகளின் நிலை இங்குத் தனிக் கவனத்திற்குரியது. ஆவியானவர் வாசிப்பவருக்கு நேரடியாக உணர்த்துவார் என்பதை அவர்கள் மிகுதியாக வலியுறுத்துகின்றனர். யோவான் நற்செய்தி பதினாறாம் அதிகாரம் அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். ஆயினும் அவர்கள் கையில் இருப்பது ஒரு குழு இலக்கணத்தையும் மூலமொழிகளையும் முன்வைத்து வாதிட்டு, வாக்கெடுத்து, 1871இல் முடிவு செய்த பாடம். நேற்றைய மொழியாய்வு இன்றைய அருள்மொழியாகிவிடுகிறது. சாஸ்திரியார் காத்ததும் முந்திய தலைமுறையின் மொழியாய்வைத்தான்.

கத்தோலிக்க மரபும் மலாயாப் பல்கலைக்கழகமும்

கத்தோலிக்கரிடையே இச்சிக்கல் வேறு வடிவில் இருந்தது. அங்கு விளக்கம் கூறும் உரிமை திருச்சபையின் ஆசிரியப் பொறுப்பைச் சார்ந்தது. 1943இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் வெளியிட்ட சுற்றுமடல், மூலமொழிகளையும் இலக்கிய வகைகளையும் ஆராயுமாறு அறிஞரை ஊக்கியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பரில் ஏற்ற இறை வெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டு, ஆசிரியர் கருதிய பொருளைக் காலச்சூழலில் வைத்துத் தேடவேண்டும் என்றும், எந்த ஆவியால் திருமறை எழுதப்பட்டதோ அந்த ஆவியிலேயே அது வாசிக்கப்பட வேண்டும் என்றும் ஒரே பத்தியில் கூறுகிறது. பிராங்கேயின் தோடும் பருப்பும் உரோமில் மீண்டும் ஒன்றாக வைக்கப்பட்டதாகக் கொள்ளலாம்.

அச்சங்கம் நடந்த ஆண்டுகளில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கியவர் ஒரு கத்தோலிக்கக் குரு. 1961இல் பொறுப்பேற்ற தனிநாயகம் அடிகளார், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். அதே ஆண்டில் புரோயன்சா அடிகளாரின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை மறுபதிப்பாகக் கொணர்ந்தார். தம் சமயத்தின் பழம் அச்சு நூல்களை ஐரோப்பிய, அமெரிக்க நூலகங்களில் தேடி, அவற்றை வழிபாட்டுப் பொருளாக அன்றித் தமிழ் மொழி வரலாற்றின் சான்றுகளாக முன்வைத்தார். குருவாக இருப்பது அதற்குத் தடையாக அமையவில்லை.

இதற்கு இணையான நிகழ்ச்சி நம் பதிப்பு வரலாற்றிலும் உண்டு. சைவரான உ.வே. சாமிநாதையர் சிந்தாமணியை ஆராயத் தொடங்கியபோது, எத்தனை ஏடுகளை ஒப்பிட்டும் விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டறிந்தார். ஏட்டுச் சுவடிகளின் பாடபேதம் மட்டும் போதவில்லை. நூலைப் போற்றி ஓதிவந்தவரின் உள்ளறிவும் வேண்டியிருந்தது. 1887இல் வெளிவந்த அப்பதிப்பு இரண்டின் விளைவு.

ஒரு சொல்

எசாயா ஏழாம் அதிகாரம் பதினான்காம் வசனத்தைக் கொண்டு இவ்வேறுபாட்டை வகுப்பறையில் எளிதில் விளக்கலாம். எபிரேய மூலத்தில் உள்ள அல்மா என்னும் சொல் மணப்பருவத்து இளம்பெண்ணைக் குறிக்கும். கிறித்துவுக்கு முற்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் கன்னி எனப் பொருள்படும் பார்த்தெனோஸ் என்னும் சொல்லை இட்டது. மத்தேயு அதனையே எடுத்தாண்டார். 1952இல் வெளிவந்த ஆங்கிலத் திருத்தப் பதிப்பு எசாயாவில் இளம்பெண் என்று மாற்றியபோது, அமெரிக்கப் போதகர் ஒருவர் அப்பக்கத்தை எரித்தார்.

ஐக்கிய மொழிபெயர்ப்பில் எசாயாவிலும் மத்தேயுவிலும் கன்னிகை என்றே உள்ளது. திண்டிவனம் விவிலிய நடுநிலையம் 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் எசாயாவில் இளம்பெண், மத்தேயுவில் கன்னி. முன்னது படிப்பவருக்கு இறைவாக்கும் நிறைவேற்றமும் பிசிறின்றிப் பொருந்துகின்றன. பின்னதில் ஒரே நூலுக்குள் இரண்டு சொற்கள், இடையே எழுநூறு ஆண்டுகள். ஆகாசு மன்னன் காலத்து எருசலேமில் அச்சொல் எதைக் குறித்தது, அதை மத்தேயு ஏன் அவ்வாறு வாசித்தார் என்னும் இரு கேள்விகளும் அங்கு எழுகின்றன; முதற் கேள்விக்கு ஆய்வாளரிடமும் இரண்டாவதற்கு நம்பிக்கையாளரிடமும் செல்லவேண்டியிருக்கிறது. கிறிஸ்துமஸ் காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் ஆலயங்களில் இவ்விரு பகுதிகளும் வாசிக்கப்படுகின்றன. திருவிவிலியத்தைக் கையில் வைத்திருக்கும் மாணவர் சொல் மாறியிருப்பதைக் கவனித்துக் கேட்பார். வேதாகமத்தை வைத்திருக்கும் மாணவருக்கு அக்கேள்வி எழ வாய்ப்பே இல்லை.